ஞானம் நூர்த்த விளக்கு

பங்குக் கோவிலின் பீடத் துணிகளை அயன் பண்ணுவது மரியநாயகியின் வேலை. யாரும் அவளிடம் ஒப்படைத்ததல்ல. முன்பு அதைச் செய்துவந்த ஐரிஷ் கிழவிக்குக் கை நடுங்கத் தொடங்கிய காலத்தில், ஒரு பூசை முடிவில் அந்தத் துணிப் பையை இவள் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் கணவர் ஞானரட்ணம் பஸ் ஓட்டப் போனதும், லண்டன் இல்ஃபோர்ட் வீட்டுக் குசினியில் பலகையை விரிப்பாள். பூவேலை செய்த பக்கத்தைக் கீழே போட்டு, அடியில் ஒரு துவாய் வைத்து, பின்பக்கத்தால்தான் அயன் ஓட வேண்டும். இல்லாவிட்டால் நூல் நசிந்து பூ செத்துப்போகும். முடிந்ததும் மடிப்பதில்லை. மடித்தால் கோடு விழும் என்று கடதாசிக் குழாயில் சுற்றிவிடுவாள்.

துணியோடு பழகிய கை அது. பள்ளிக்கூடக் குசினியில் வேலைக்குச் சேரும் முன், லண்டனுக்கே வரும் முன், பாரிஸில் இரண்டு வருடம் ஹோட்டல் அறைகளில் கட்டில் விரித்திருக்கிறாள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை. பேச எதுவுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஏஜென்சிக்காரன் பாதி வழியில் விட்டுவிட்டான், பாரிஸில் மாட்டிக்கொண்டேன், வேலை செய்தேன், மனுசன் லண்டனில் இருந்து கூப்பிட்டார், வந்தேன். அகதியாக வந்த பாதிப் பேரிடம் இருக்கிற கதை. யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அன்று பகல் ஜதுர்ஷிகா பின்கதவால் வந்தாள். மூன்று வீடு தள்ளி இருக்கிற பெண். மகள் டிலக்சனாவோடு ஒன்றாகப் படித்தவள். டிலக்சனா வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போன பிறகும், இந்த வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்து பார்க்கிற உரிமையை அவள் விடவில்லை. நகரத்தின் நடுவில், வெளிநாட்டுப் படங்கள் மட்டும் போடுகிற சின்னத் திரையரங்கு ஒன்றில் அவளுக்கு வேலை. அவளுடைய வீட்டார் ஆர்ச்வே முருகன் கோவிலுக்கு வெள்ளி தவறாமல் போகிற சைவச் சனம். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் "மார்க்கெட்டிங்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

"அன்ரி, அங்கிள் நாளைக்கு வீட்டில நிப்பாரோ? அவரிட்ட ஒரு தமிழ்ச் சொல்லுக்கு மீனிங் கேக்க வேணும்."

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிப்பவர், வெள்ளி மாலைச் செபக்குழுவை நடத்துபவர், தமிழில் சந்தேகம் என்றால் சுற்றியுள்ளவர்கள் போன் எடுப்பவர் ஞானரட்ணம். அவரிடம் சொல்லுக்குப் பொருள் கேட்டு யாரும் வருவது அவருக்குப் பிடிக்கும். நிற்பார், வா பிள்ளை, என்றாள் மரியநாயகி. என்ன சொல் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

அது ஒரு படத்தில் வருகிறதாம். பழைய பிரெஞ்சுப் படம். ஒரு பெண் ஒரு கிழமை, ஏழு நாளும், ஹோட்டல் அறையில் தனியாகத் தங்கி, தனக்கு எது வேண்டும், யார் வேண்டும், எப்படி வேண்டும் என்று வெட்கப்படாமல் தேடிப் பார்க்கிற கதை. வந்த காலத்தில் பெரிய சண்டை. எடுத்தவரே ஒரு பெண் என்பதால் இன்னும் கூடுதலாகத் திட்டு விழுந்ததாம். இப்போது அதைச் சுத்தம் செய்து புதுப் பிரதி போட்டிருக்கிறார்கள், தங்கள் திரையரங்கில் அடுத்த கிழமை தொடங்குகிறது என்றாள் ஜதுர்ஷிகா. சொல்லிக்கொண்டே பிரிட்ஜில் இருந்து தயிரை எடுத்தாள்.

"அதுக்குள்ள ஒரு தமிழ் மனுசி வருது, அன்ரி. ஹோட்டல் கிளீனர். கட்டில்ல இருந்து தமிழில கதைக்குது, அந்த ஹீரோயின் ஒண்டும் விளங்காமல் கேட்டுக்கொண்டு இருக்குது. அந்த இடத்துக்கு சப்டைட்டிலே இல்லை. டிரெக்டர் வேணுமெண்டு விட்டதாம். எங்கட தியேட்டரில தமிழ் ஆள் நான் மட்டும்தானே, நோட்ஸ் எழுத மொழிபெயர்த்துத் தா எண்டிட்டினம். செம பிலோசபி அன்ரி. ஏதோ சித்தர் பாட்டு மாதிரி. ஞானம் ஒருநாளும் விளக்கை எரிய விட்டதில்லை எண்டு சொல்லுது. விஸ்டம் நெவர் லெற் த லாம்ப் பேர்ன். நோட்டீசில பெரிசாப் போட்டிருக்கிறம்."

மரியநாயகியின் கை நிற்கவில்லை. அயன் முன்னால் போனது, பின்னால் வந்தது. ஆனால் அதே மூலையில் போய் வந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று தெரிந்தது. தூக்கினால் இந்தப் பிள்ளை தன் முகத்தைப் பார்த்துவிடும்.

ஜதுர்ஷிகா போனை எடுத்து அந்தத் துண்டைப் போட்டாள். மரியநாயகி திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி இல்லை என்றாள். கண்ணாடி அவளுடைய தலையில் இருந்தது. ஒரு இளம் குரல் குசினிக்குள் வந்தது. மெல்லிய, மன்னார்ப் பெருநிலத்து இழுப்புள்ள குரல். இவ்வளவு சின்னக் குரலா எனக்கு இருந்தது என்று முதலில் நினைத்தாள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"முகம் வடிவாத் தெரியாது. முதுகுதான். இடுப்புக்குக் கீழ தலைமயிர். கடைசியில ஒருக்காத் திரும்புது, பாத்தீங்களா? இந்த 'நூத்துப் போட்டு' எண்டுறதுதான் எனக்கு விளங்கேல்லை. நூறா? நூலா? அப்பாட்டக் கேட்டன். அந்த மாதிரிப் படத்தில வாற சொல்லெல்லாம் எனக்குத் தெரியாது எண்டிட்டார்."

தயிர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, நாளை பூசை முடிந்து வருகிறேன் என்று அவள் போனாள்.

*

ஞானம் என்பது ஒரு ஆளின் பெயர் என்று ஜதுர்ஷிகாவுக்குப் பிடிபடாமல் போனதில் அதிசயமில்லை. அவளுக்கு அவர் எப்போதும் அங்கிள். டிலக்சனாவின் முழுப்பெயர் பள்ளிக்கூடத்தில் கூப்பிடப்பட்டபோது, வெள்ளைக்கார டீச்சர்மார் அதன் பின்பாதியில் வரும் தகப்பன் பெயரைக் "கினானா" என்று தொடங்கி எங்கேயோ கொண்டுபோய் விடுவார்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் பெயர். அந்தக் கினானாவும் இந்த ஞானமும் ஒன்று என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லப் போகிறார்கள்? செபக்குழுவில்தான் அவரை எல்லோரும் "ஞானம் அண்ணை" என்பார்கள். ஊரிலும் ஞானம்தான். மரியநாயகி மட்டும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. "இஞ்சருங்கோ" என்பாள். பிள்ளை பிறந்த பிறகு "அப்பா". கவுன்சிலில் கணவர் பெயர் கேட்டால் கடிதத்தை நீட்டிக் காட்டுவாள். கட்டினவரின் பெயரைச் சொல்வதில்லை என்று யாரும் சட்டம் போடவில்லை. அம்மா சொல்லவில்லை, மாமி சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை.

ஒரேயொரு முறை சொன்னாள். பாரிஸில்.

வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் நாலாம் மாடியை, படம் எடுக்கிறவர்கள் ஒரு கிழமைக்கு எடுத்திருந்தார்கள். கிளீனராக நடிக்க வந்த பெண்ணுக்கு விரிப்பை இழுத்து மடிக்கத் தெரியவில்லை. டிரெக்டர், தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு மனுசி, எரிச்சல்பட்டு, வாளியோடு போய்க்கொண்டிருந்த மரியநாயகியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். விரிக்கச் சொன்னாள். விரித்தாள். பிறகு அந்தக் கட்டிலின் ஓரத்தில் நடிகைக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். மேற்பார்வை செய்யும் அல்ஜீரியாக்காரி மொழிபெயர்த்தாள். யாருக்கும் சொல்லாத ஒன்றை உன் பாஷையில் சொல்லு, அவளுக்கு விளங்காது, உனக்கு ஒன்றும் ஆகாது.

பயப்படாததற்குக் காரணம் றோஸ்மலர். தமிழ்ச் சனம் நிறைந்த லா சப்பலில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தார்கள், அவர்களில் சினிமா தெரிந்தவள் அவள். படத்தில் வாயசைக்கிறது ஒருத்தி, குரல் வேறொருத்தி, படம் பிடிக்கும்போது கதைக்கிறதை எல்லாம் எறிந்துவிட்டுப் பிறகு ஸ்டூடியோவில் பேச வைப்பார்கள், சில நடிகைக்குச் சொந்தக் குரலே கிடையாது என்று இரவுகளில் பாடம் நடத்துவாள். மரியநாயகி பார்த்த தமிழ்ப் படங்கள் எல்லாம் அப்படித்தான். ஆகவே அந்தக் கட்டிலில் இருந்தபோது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது, தன் வாய் மட்டும் அசையும், குரல் போய்விடும், அதற்கு மேல் ஒரு பிரெஞ்சுக்காரி ஏதாவது சொல்வாள். காற்றில் சொல்கிற மாதிரித்தான். சொன்னாள்.

மன்னார்ப் பக்கத்து அடம்பனில் கலியாணம் கட்டி, அவர் கொழும்புக்குப் போகும் வரைக்கும் மூன்று மாதம். மாமியார் வீட்டில் பாதிச் சுவரால் பிரித்த அறை. சுவருக்கு அந்தப்பக்கம் மாமி இருமுவது கேட்கும். அவர் உள்ளே வந்ததும் செய்கிற முதல் வேலை குப்பி விளக்கை ஊதி நூர்ப்பது. ஒருநாளும் முரட்டுத்தனம் காட்டியதில்லை. ஒருநாளும் ஒரு சொல் கேட்டதுமில்லை. அந்த மூன்று மாதத்தில் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: அந்த நேரத்தில் அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். தன்னை அவர் பார்க்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது, எந்தப் பெண் கேட்டிருக்கிறாள் என்று தெரியாமல் கிடந்தாள்.

பேசி முடித்தபோது நடிகை அழுதுகொண்டிருந்தாள். அழுவதற்குத்தானே சம்பளம் வாங்குகிறாள் என்று நினைத்து, மரியநாயகி எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

*

றோஸ்மலர் இப்போது லண்டனின் மறுபக்கத்தில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாள். சேலைக் கடை வைத்திருக்கிறாள். மரியநாயகி போன் எடுத்து விசயத்தைச் சொன்னதும், அவள் முதலில் நெடுநேரம் சிரித்தாள்.

"நான் சொன்னது தமிழ்ப் படத்துக்கடி. பிரெஞ்சுக்காரன் கதைக்கிறதை அப்பிடியே பிடிச்சு வைச்சிருப்பான் எண்டு நான் கனவு கண்டனோ? சரி, படத்தில உடுப்போட நிண்டனியோ?"

"போடி. மேலங்கி போட்டு, ஏப்ரனும் கட்டி இருந்தனான்."

"அப்ப என்ன பயம்? அந்தப் படத்தில உடுப்போட நிண்ட ஒரே ஆள் நீயாத்தான் இருப்பாய்."

றோஸ்மலருக்கு விளங்கவில்லை. மரியநாயகிக்கே எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. உடுப்பில்லாமல் முதுகு தெரிந்திருந்தால் அது வேறு யாரோ என்று சாதிக்கலாம். இதில் குரல் இருக்கிறது, அந்தப் பெயர் இருக்கிறது. "எனக்கும் ஆசை இருக்கெண்டு ஞானத்துக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறது. அந்த ஞானம்தான் நாளைக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து இருந்து, இந்தத் தமிழுக்குப் பொருள் சொல்லப் போகிறார்.

ஞானரட்ணம் கை ஓங்குகிற ஆள் இல்லை. சத்தம் போடுகிற ஆளும் இல்லை. பேச்சை நிறுத்திவிடுகிற ஆள். ஒரு வருடம் செபக்குழுவில் அவர் ஒரு சொல்லைப் பிழையாக வாசித்ததை, தேத்தண்ணி குடிக்கும்போது எல்லோருக்கும் முன்னால் மரியநாயகி சிரித்துச் சொல்லிவிட்டாள். அந்தத் தவக்காலம் முழுக்க "உப்புக் காணாது", "ஷிப்ட் மாறிப்போச்சு" என்ற அளவில்தான் வீட்டில் பேச்சு இருந்தது. பாஸ்கா முடிந்து டிலக்சனா அழுதபிறகுதான் வாய் திறந்தார். அது ஒரு வாசகத்துக்கு. இப்போது கட்டிலின் கதை, அதுவும் காசு கொடுத்தால் யாரும் போய்ப் பார்க்கலாம். டிலக்சனாவும் இங்கே இல்லை.

றோஸ்மலர் கடைசியில் உருப்படியாக ஒன்று சொன்னாள். அந்தப் பிள்ளை வரும் முன் நீயே சொல்லிவிடு, இரவைக்கு நல்லதாக ஒரு கறி வைத்துக் கொடுத்துவிட்டுச் சொல்லு. மரியநாயகி றால் குழம்பு வைத்தாள். அவர் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றார். பிறகு நாளைய வாசகத்தை எடுத்து மேசையில் வைத்து, வாய்க்குள் வாசிக்கத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ."

"ம்."

"நாளைக்கு ஜதுர்ஷிகா ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேக்க வாறாளாம்."

"வரட்டுமன்," என்றார். முகத்தில் ஒரு சந்தோசம் வந்துபோனது. அந்தச் சந்தோசத்தைப் பார்த்ததும் மீதியை விட்டுவிட்டு அவள் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

அவர் எழுந்து போனார். போகும்போது வழமைபோல லைற்றை நிற்பாட்டிவிட்டுப் போனார். அறையை விட்டு வெளியேறினால் அவருடைய கை சுவிட்ச்சுக்குப் போகும், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காது. பில்லுக்காகத் தொடங்கிய பழக்கம். சின்ன வயதில் டிலக்சனா கத்துவாள். மரியநாயகி கத்துவதில்லை. இருட்டில் இருந்தபடி "நான் இருக்கிறன்" என்பாள். அந்தக் கை திரும்பி வந்து சுவிட்ச்சைப் போட்டுவிட்டுப் போகும்.

"நான் இருக்கிறன்," என்றாள் அன்றும். கை வந்தது, போட்டது, போனது.

படுக்கையில் அவள் அவருக்குப் பக்கத்தில் கிடந்து, இத்தனை வருடத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பயத்துக்குள் இன்னொரு பயம் இருந்தது. இந்தப் பேச்சு ஏதோ இருபத்திநாலு வயதுப் பெட்டையின் பேச்சு, இப்போது அதெல்லாம் எங்கே என்று சிரித்துவிட முடிந்திருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அப்படிச் சொல்ல ஏலாது. லண்டனுக்கு வந்து இறங்கிய அன்றும் இவர் முதலில் அறை லைற்றைத்தான் நிற்பாட்டினார். பிறகு பிள்ளை பிறந்தது. பிறகு இரண்டு ஷிப்ட். பிறகு முழங்கால் நோ. சொன்னது இன்னும் உண்மையாகவே கிடந்தது.

*

ஞாயிறு பூசையில் அவர் வாசித்த பகுதியில் ஞானம் என்ற சொல் இரண்டு மூன்று இடத்தில் வந்தது. அவர் தெளிவாக, நிறுத்தி வாசித்தார். ஒவ்வொரு முறையும் மரியநாயகிக்குத் தன் குரலே ஒலிபெருக்கியில் கேட்பதுபோல் இருந்தது. முன்னால் பீடத்தின் மேல் அவள் அயன் பண்ணிய துணி கிடந்தது. ஒரு மூலை மட்டும் மற்ற இடத்தைவிட மினுங்கியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஜதுர்ஷிகாவுக்கு ரகசியமாகப் போன் எடுத்தாள். அங்கிளுக்கு அலுப்பு, அடுத்த கிழமை பார்ப்போமா என்றாள். அந்தப் பிள்ளை, நான் வாசலில் நிற்கிறேன் அன்ரி, என்றாள். பெல் அடித்தது.

ஞானரட்ணம் கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, போனை மேசையில் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். வெளியே மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. லைற்றைப் போட்டிருந்தார்கள். மரியநாயகி குசினி வாசலில், ரோல்ஸ் பொரித்த தட்டோடு நின்றாள். உள்ளே போய் வைக்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

குரல் தொடங்கியது.

*ஞானம் ஒருநாளும் விளக்கை எரிய விட்டதில்லை. நூத்துப் போட்டுத்தான் கிட்ட வாறது. எனக்கு முகத்தைப் பாக்க வேணும் போல இருந்தது. எனக்கும் ஆசை இருக்கெண்டு ஞானத்துக்குத் தெரியாது.*

திரையில் அந்தப் பெண் தலையைத் திருப்பும் இடத்தில் துண்டு முடிந்தது. இன்னொருக்கால் போடு பிள்ளை, என்றார் ஞானரட்ணம். போட்டாள். இந்த முறை அவர் முன்னால் குனிந்து பார்த்தார். அந்த இரண்டு வருடத்து மரியநாயகியை அவர் பார்த்ததேயில்லை என்பது, தட்டோடு நின்ற அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. லண்டனில் இருந்த அவருக்குப் படம் அனுப்பக்கூட அவளிடம் கமரா இருந்ததில்லை. இடுப்புக்குக் கீழ் தொங்கிய அந்தத் தலைமயிரை, இங்கே வர முன் பேன் தொல்லையில் வெட்டிவிட்டாள்.

"நூர்க்கிறது எண்டா அணைக்கிறது," என்றார். குரல் வழமையாகத்தான் இருந்தது. "விளக்கை நூர்த்துப் போட்டு. அணைச்சுப் போட்டு."

"ஓ. அப்ப, விஸ்டம் கம்ஸ் நியர் ஒன்லி ஆஃப்டர் புட்டிங் அவுட் த லாம்ப். வாவ். இது உபநிசதம் மாதிரி இருக்கு அங்கிள்."

அந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். ஓம் பிள்ளை, நல்ல தத்துவம், என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கும், திரையரங்கில் நாலு வெள்ளைக்காரர் தலையாட்டியிருப்பார்கள், எல்லாம் முடிந்திருக்கும். சொல்லுங்கோ, அப்படியே சொல்லிவிடுங்கோ என்று மரியநாயகி மனதுக்குள் மன்றாடினாள். ஆனால் தமிழைப் பிழையாக விளங்கிக்கொண்டு ஒரு பிள்ளை எழுந்து போவதை ஞானரட்ணத்தால் ஒருநாளும் பொறுக்க முடிந்ததில்லை.

"ஞானம் எண்டுறது இதில அறிவு இல்லைப் பிள்ளை. அது ஆளின்ர பேர்."

"பேரா? யாற்ற?"

"அந்த மனுசியின்ர மனுசன்ரயா இருக்கும்."

ஜதுர்ஷிகா ஒரு கணம் கணக்குப் போட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் கவலையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. அப்படியென்றால் எல்லாம் மாறுகிறது, இது தத்துவமே இல்லை, மனுசன் லைற்றை நிற்பாட்டுகிறார் என்று ஒரு பெண் சொல்கிற முறைப்பாடு, இது நோட்டீசில் போட்டதைவிட எவ்வளவோ நல்லது, என்றாள். நோட்டீஸ் அச்சடித்துவிட்டார்களே என்று தலையில் கைவைத்தாள். அங்கிளுக்கும் அன்ரிக்கும் ரிக்கெற் எடுத்துத் தரவா என்றும் கேட்டாள்.

"எனக்கு ஷிப்ட்," என்றார் ஞானரட்ணம்.

அவள் இரண்டு ரோல்ஸைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, மரியநாயகியின் கன்னத்தில் ஒரு கொஞ்சலும் கொடுத்துவிட்டுப் போனாள். முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மரியநாயகி தட்டை மேசையில் வைத்தாள். அவருக்கு எதிரே இருந்த கதிரையில் இருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைப்பதற்கு ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார். வீதியில் பஸ் ஒன்று நின்று போனது. அவர் வழமையாக எந்த நம்பர் என்று சத்தத்திலேயே சொல்வார். சொல்லவில்லை. தொடங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். இனி உப்பும் ஷிப்டும்தான்.

"என்ர பேரைச் சொல்லியிருக்கிறீர்," என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"இஞ்சை ஒருநாளும் சொன்னதில்லை."

"குரலை எடுத்துப் போடுவினம் எண்டு நினைச்சன்," என்றாள். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது. "தமிழ்ப் படம் மாதிரி."

அவர் அதைக் கேட்டாரோ தெரியாது. மேசை விரிப்பில் இருந்த ஒரு தூளை விரலால் ஒற்றி எடுத்தார்.

"அப்ப மண்ணெண்ணெய் இல்லை," என்றார். "சண்டைக்காலத் தடை. ஒரு போத்தலுக்கு எவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கினனான் எண்டு உமக்குத் தெரியும். மற்றது, அம்மா அந்தப் பக்கம்."

அது நியாயம். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை வாங்கிக்கொண்டு எழுந்து, தேத்தண்ணி போடப் போயிருக்கலாம். அவளுடைய கை ஏற்கெனவே மேசையைப் பிடித்து எழும்பப் பார்த்தது. இதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டில் இதற்கு மேல் யாரும் போனதில்லை.

"ஓம், மண்ணெண்ணெய் இல்லைத்தான்," என்றாள். "இஞ்சை கறண்ட் இருக்கே, ஞானம்."

அந்தப் பெயர் வாயில் இருந்து விழுந்து மேசையில் கிடந்ததுபோல இருந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபமா, அவமானமா, வேறு ஏதாவதா என்று படிக்க அவளுக்குத் தெரியவில்லை. இந்த முகத்தில் இந்தப் பார்வையை அவள் முன்பு கண்டதில்லை. கண்டிருந்தால் இப்போது பயமில்லாமல் இருந்திருக்கும்.

அவர் கதிரையைத் தள்ளி எழுந்தார். கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாசலைக் கடக்கும்போது கை தன்பாட்டில் சுவிட்ச்சுக்குப் போனது. அறை இருண்டது.

மரியநாயகி "நான் இருக்கிறன்" என்று சொல்லவில்லை. மேசை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். ரோல்ஸ் மணம் இருட்டுக்குள் கூடுதலாக மணந்தது. நடையில் காலடி போகவுமில்லை, வரவுமில்லை. பிறகு வாசல் நிலையைச் சுற்றி அந்தக் கை மட்டும் வந்தது, தடவியது, சுவிட்ச்சைப் போட்டது. முகம் வரவில்லை. காலடி மெல்ல மாடிப்படியில் ஏறிப் போனது.